வேலைநாள் கை

மார்த்தாண்டத்தில் போன் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் விலையைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறார்கள். "இது முழுப்பருப்பா, பிளவா?" வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த விற்பனையாளர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பக்கத்தில் நிற்கிற யாராவது விளக்கிச் சொல்வார்கள். அது பெபிஷா போடுகிற தரம்.

பெபிஷா கருங்கல் பக்கத்துக்காரி. முப்பது வயதைத் தாண்டியவள். யூடியூபில் 'முழுப்பருப்பு' என்ற பெயரில் போன்களைச் சோதித்துச் சொல்கிறாள். நடுத்தர விலைப் போன்கள் மட்டும்தான். விலை கூடியவற்றைத் தொடுவதில்லை. "அத வாங்குதவங்க ஒண்ணு கெட்டா இன்னொண்ணு வாங்கிக்கிடுவாங்க. நம்ம ஆளுக்கு ஒரு போன் நாலு வருசம் ஓடணும்" என்பாள். நல்ல போன் அவள் கணக்கில் முழுப்பருப்பு. குறையோடு ஓட்டலாம் என்றால் பிளவு. வாங்கவே வேண்டாம் என்றால் பொடி. மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் கிடையாது.

இந்தத் தரம் அவள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் அண்டி ஆபீஸில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கிற தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அங்கே தரம் பிரிக்கிற மேசை அவளுக்குக் கிடைத்தது. முழுசு ஒரு பக்கம், நெடுகப் பிளந்தது ஒரு பக்கம், துண்டும் பொடியும் ஒரு பக்கம். முழுசிலும் புள்ளி விழுந்தது, சுருங்கியது, லேசாகக் கருகியது எல்லாம் தனி. ஒரு பருப்பைக் கையில் எடுத்தால் மறுபக்கமும் திருப்பிப் பார்க்காமல் டின்னில் போடக் கூடாது. முன்பக்கம் பால் மாதிரி இருக்கும், பின்பக்கம் புழு அரித்திருக்கும். அந்த மேசையில் இருந்த வருடங்களில் அவள் டின் திரும்பி வந்ததில்லை என்று இன்றும் அங்கே சொல்வார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு போன் கடையில் கவுண்டரில் நின்றாள். விற்ற போனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று உறைத்தது. போனைப் பற்றிப் பேசுகிற வீடியோக்கள் எல்லாம் வெளிச்சம் போட்ட சுத்தமான மேசையில் எடுக்கப்படுகின்றன. வாங்குகிறவர்களோ மழையில் நனைகிறார்கள், பஸ்ஸில் தொங்குகிறார்கள், ரப்பர் தோட்டத்துப் பள்ளத்தில் நின்றுகொண்டு மஸ்கட்டுக்குப் பேசுகிறார்கள். அந்த இடங்களில் போன் என்ன செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கணவன் எட்சன், மினி லாரி ஓட்டுகிறவன், படம் பிடித்தான். கருங்கல் பஸ் ஸ்டாண்டின் இரைச்சலில் மறுமுனைக்குப் பேச்சு கேட்கிறதா என்று பார்ப்பாள். ரப்பர் தோட்டத்தின் அடிவாரத்தில் வீடியோ கால் நிற்கிறதா என்று பார்ப்பாள். சர்ச்சில் வெள்ளைப் புடவை கட்டிய மணப்பெண்ணையும் கறுத்த மாமன்மாரையும் ஒரே படத்தில் நிறுத்தி எடுப்பாள். புடவை வெளிறிப் போகக் கூடாது, மாமன்மாரும் வெளுக்கக் கூடாது. ஒருமுறை ஒரு போன் அவள் அம்மாவை ரோஸ் நிறத்தில் காட்டியது. "எனக்க அம்மைக்க நெறத்த எங்க கொண்டு போட்ட?" என்று போனைப் பார்த்து வீடியோவிலேயே கேட்டுவிட்டு, பிளவு என்று முடித்தாள். அந்த ஒரு வரியை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் அவள் அம்மாவுக்கு எந்தப் போனும் முழுப்பருப்பாக இருந்ததில்லை.

லீலாபாய் இளம் வயதிலிருந்தே அண்டி ஆபீஸில் உடைக்கிற பெஞ்சில் இருப்பவள். வறுத்த கொட்டையை இடது கையால் கல்லின்மேல் நிறுத்தி, வலது கையிலிருக்கும் கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளக்கும்போது அதிலிருந்து எண்ணெய் தெறிக்கும். தோலைப் பொசுக்குகிற எண்ணெய். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். இருந்தாலும் விரல் கறுக்கும், தோல் உரியும், ரேகை தேய்ந்து பலகை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அந்தக் கையை எந்தப் போனில் வைத்தாலும் 'மீண்டும் முயலவும்' என்றுதான் வரும்.

அதனால் அந்தப் பெஞ்சில் எல்லோரும் திரையில் கோடு இழுத்துத்தான் போனைத் திறப்பார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்கிற இடம். எல்லோருடைய கோடும் எல்லோருக்கும் தெரியும். அஸ்வதி என்று ஒரு புதுப்பெண். துபாயிலிருந்து அவள் புருஷன் அனுப்பிய செய்தியை, அவள் கை கழுவப் போன நேரத்தில், யாரோ திறந்து பெஞ்சுக்கே சத்தமாகப் படித்துவிட்டார்கள். அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. விரல் வைத்தால் தனக்கு மட்டும் திறக்கிற போன் என்பது அவர்களுக்குச் சொகுசு இல்லை. தனக்கென்று ஒரு அறை இல்லாதவர்கள் கேட்கிற ஒரு கதவு அது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு போன் கம்பெனி பெபிஷாவுக்குத் தானாகப் போன் அனுப்பியது. ஸோரின் 9. இன்னும் கடைக்கு வராதது. அதுவரை அவள் கடையில் இரவல் வாங்கியோ, வாங்கினவர்களிடம் கெஞ்சியோதான் சோதித்திருக்கிறாள். திங்கட்கிழமை மதியம் போன் வெளியாகும். நாடு முழுவதும் சோதித்தவர்கள் எல்லோரும் அதே நேரத்தில் வீடியோ போடலாம். அதற்கு முன்னால் கூடாது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிவிட்டுப் போன பிறகும் எட்சன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, உனக்க பேர அச்சடிச்சே அனுப்பியிருக்கானுவ."

"பேரு இருக்கட்டும். போன எடுங்க."

பெட்டிக்குள் இருந்த அட்டையில் ஒரு வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். எந்தக் கையும் திறக்கும் என்று போட்டிருந்தது. ஈரமான கை, காய்ந்த கை, உழைத்துத் தேய்ந்த கை. கேமரா, பேட்டரி எல்லாம் அப்புறம், முதலில் இதுதான் என்று முடிவு செய்தாள்.

விஷயம் பெஞ்சுக்குப் போனதும் அங்கே ஒரு தீர்மானம் ஆயிற்று. போனஸ் வருகிற சனிக்கிழமை எல்லோருமாக மார்த்தாண்டம் போய்ப் போன் வாங்குவது. எந்தப் போன் என்பதைப் பெபிஷா சொல்ல வேண்டும். "பிள்ள முழுப்பருப்புன்னு சொன்னா வாங்குவோம். இல்லேன்னா பழசே ஓடட்டும்" என்று முடித்தவள் ஞானம் மாமி. பெஞ்சில் மூத்தவள். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர்கள் பெபிஷாவின் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல புடவை, தலையில் பூ. அஸ்வதி சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் பட்டுக்கரை போட்ட சேலை உடுத்திப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொருவராக விரலைப் பதிந்து, போனைப் பூட்டி, திறந்து பார்த்தார்கள்.

திறந்தது.

அஸ்வதிக்குத் திறந்தது. ஞானம் மாமிக்குத் திறந்தது. லீலாபாய் விரலை வைத்ததும் திரை மலர்ந்ததைப் பார்த்து, எடுத்த கையைத் திரும்பவும் வைத்தாள். பூட்டினாள், திறந்தாள். மறுபடியும் பூட்டினாள்.

"எம்மா, போதும். போன் களச்சுப் போவும்" என்றான் எட்சன்.

"களைக்கட்டும். எனக்கு இத்தன வருசம் களைக்கலியா" என்றாள் அவள்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற பெபிஷாவின் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே வீடியோவைத் தொகுத்து முடித்தார்கள். முழுப்பருப்பு என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை மதியம் தானாக வெளியாகும்படி எட்சன் ஏற்றி வைத்தான்.

எந்தப் போனையும் ஒரு முழு வேலைநாள் அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் பெபிஷா தரம் சொல்வாள். இந்தத் தடவை தரம் சொன்ன பிறகு போன் வேலைக்குப் போயிற்று. பெஞ்சில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை திறந்து காட்ட வேண்டும் என்று லீலாபாய் திங்கட்கிழமை காலையில் அதை எடுத்துப் போயிருந்தாள். பேட்டரி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்கப் பெபிஷா பத்தரை மணி டீ நேரத்தில் கூப்பிட்டாள்.

"மக்களே, நீ ஒண்ணும் நெனைக்காத" என்றுதான் அம்மா ஆரம்பித்தாள். "இது காலையில இருந்து எனக்க விரல அறியாதுங்குது. முந்தாணியில தொடச்சும் பாத்தாச்சு."

"வேற ஆராவது வச்சுப் பாத்தியளா?"

"ஞானமும் வச்சா. அஸ்வதியும் வச்சா. ஒண்ணுக்கும் தொறக்கல்ல. போன் கெட்டுப் போச்சோ?"

போன் கெட்டிருக்கும் என்றுதான் பெபிஷாவும் முதலில் நினைத்தாள். எதற்கும் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமைப் படத்தை ஓடவிட்டாள். விரல் திரையில் தொடுகிற இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினாள். ஞானம் மாமியின் நகக்கண் வெளுத்திருந்தது. சிறுவயதிலிருந்து அந்த நகக்கண்ணைப் பார்க்கிறவள் பெபிஷா. கரிக்கோடு போட்ட மாதிரி இருக்கும். நேற்று அந்தக் கோடு இல்லை. அஸ்வதியின் கையிலும் இல்லை. அம்மாவின் கையிலும் இல்லை.

மறுபடியும் கூப்பிட்டாள். "எம்மா, நேத்து கைக்கு என்ன செய்திய?"

"என்ன செய்வோம்? வெள்ளியும் சனியும் சரக்கு வராம வேல இல்லல்லா. பின்ன, பிள்ளைக்க வீடியோவுல நாலு பேரு பாக்க வருதோம். எண்ணெ தேச்சு, சாம்பலும் புளியும் போட்டு, தேங்காநாரு வச்சு ரெண்டு நாளா ஒரச்சோம். ஞானத்துக்குத் தோலே போச்சு."

பெபிஷா நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாள் ஓய்ந்த கை. கறை போகத் தேய்த்த கை. எண்ணெய் குடித்து மெத்தென்று ஆன கை. அந்தக் கைக்குப் போன் திறந்தது. திங்கட்கிழமை கொட்டையைத் தொட்டதும் அது வேறு கையாகிவிட்டது. அவள் வீட்டு மரியாதைக்காகத்தான் தேய்த்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. மறுபக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியவள் அவள்தான்.

"அந்த வீடியோவ நிறுத்துங்க" என்றாள்.

எட்சன் லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "நிறுத்தவா? இன்னும் ஒரு மணிக்கூர்ல எல்லாவனும் போடுவான். மொத மொத கம்பெனிக்காரன் நம்மள நம்பி அனுப்பியிருக்கான். இண்ணைக்குப் போட்டாத்தான் ஆளு பாக்கும். நாள் கழிஞ்சா நாய் பாக்காது."

"பாக்காண்டாம்."

"அந்த ஒண்ணத் தவிர மிச்சம் எல்லாம் சரிதானே. விரலு வைக்கிறத மட்டும் வெட்டிட்டுப் போடலாமே."

"சனிக்கிழம பெஞ்சு மொத்தமும் அந்த ஒண்ணுக்குத்தான் மார்த்தாண்டம் போவுது. அத வெட்டிட்டு நான் என்னத்த சொல்ல?"

எட்சன் கொஞ்ச நேரம் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வீடியோவை நிறுத்தினான். "உனக்கு அந்த மேசையில இருந்தவன் எவனோ நல்லா அடிச்சு வளத்திருக்கான்" என்று முணுமுணுத்தான்.

"அவன் இல்ல, அவ. ஞானம் மாமிக்க தங்கச்சி."

மதியம் கழிந்ததும் சென்னையிலிருந்து கம்பெனி ஆள் கௌதம் பேசினார். தன்மையான மனுஷன். "மேடம், உங்க வீடியோ வரலையே, ஏதாவது பிரச்சனையா?"

"சோதிச்சதுல நான் ஒரு தப்பு செய்திட்டேன் சார். திருத்திட்டுப் போடுதேன்."

"இன்னிக்கு போட்டாத்தான் மேடம் எங்களுக்கும் பிரயோஜனம். சின்னத் தப்புன்னா கீழ ஒரு வரி எழுதிக்கலாமே."

"சின்னத் தப்பு இல்ல சார். எந்தக் கையும் தொறக்கும்னு உங்க அட்டையில இருக்கு. நான் பாத்தது லீவு நாள் கை. வேல செய்யுத கைய இனிமேதான் பாக்கணும்."

"பார்த்துட்டு என்ன சொல்வீங்க?"

"பாக்காம எப்படி சார் சொல்ல?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த போனுக்கான பட்டியலில் யார் யார் இருப்பார்கள் என்பதைத் தான் தீர்மானிப்பதில்லை என்பதையும் நாசூக்காகச் சொல்லி வைத்தார். பெபிஷாவுக்குப் புரிந்தது. சரி சார் என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு அவளும் எட்சனும் அண்டி ஆபீஸ் வாசலுக்குப் போனார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில்தான் சோதனை. பெண்கள் கை கழுவாமல் வர வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி விட்டிருந்தாள்.

வந்தார்கள். ஆனால் கேமராவைப் பார்த்ததும் கைகள் முந்தானைக்குள் போயின.

"ஞாயிற்றுக்கிழம எடுத்தியே, அது போராதா?" என்றாள் ஞானம் மாமி.

"அது பொய்யாப் போச்சு மாமி. அந்தக் கைக்குத் தொறந்தது, இந்தக் கைக்குத் தொறக்கல்ல. இந்தக் கையத்தான் காட்டணும்."

"நீ காட்டுவ. எனக்க ரேஷ்மிக்கு நாகர்கோவில்ல இருந்து ஆளு வந்து பாத்துட்டுப் போயிருக்கு. அவிய போன நோண்டிட்டிருக்கும்போ இது வந்து விழுந்தா? பெண்ணுக்க அம்மைக்க கைன்னு இதப் பாக்கவா?"

பெபிஷாவுக்கு அது புதிது இல்லை. பெண் பார்க்க ஆள் வருகிற அன்று காபித் தட்டைப் பெண்ணின் அம்மா நீட்ட மாட்டாள். சித்தியோ அத்தையோ நீட்டுவார்கள். அவளைப் பார்க்க எட்சன் வீட்டார் வந்தபோதும் லீலாபாய் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

"மாமி, உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா வேண்டாம். ஆருக்க மொகமும் எடுக்க மாட்டேன். கை மட்டும்தான். அதும் மனசு உள்ளவங்க மட்டும்."

ஞானம் மாமி டீயை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். லீலாபாய்தான் முதலில் முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அஸ்வதி. அப்புறம் மற்றவர்கள்.

பெபிஷா அவசரப்படவில்லை. பருப்புப் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு கையாக எடுத்தாள். இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எதையும் போன் ஏற்கவில்லை, பதியவே மறுத்தது. கொட்டையைப் பிடிக்கிற விரல்கள் அவை. வலது பெருவிரல் சிலருக்குப் பதிந்தது, ஆனால் அடுத்த நிமிஷமே திறக்கவில்லை. போனைத் துணியால் துடைத்துத் துடைத்து அடுத்த விரல், அடுத்த விரல் என்று போனாள். எட்சன் ஒவ்வொன்றையும் படம் பிடித்தான். 'மீண்டும் முயலவும்' என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. டீக்கடைக்காரர் யோவான்கூட வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த போனுக்கு நம்ம கையப் புடிக்கல்ல" என்றாள் அஸ்வதி.

"உனக்க மாப்பிள்ளைக்குப் புடிச்சா போதும்டீ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அஸ்வதியும் சிரித்தாள்.

வலது கைச் சுண்டுவிரலுக்கு வந்தபோது, லீலாபாயின் விரலுக்கடியில் திரையில் லேசாக ஒரு பச்சை வட்டம் நகர்ந்தது. பதிந்தது. பூட்டித் திறந்தாள். திறந்தது. மறுபடி வைத்தாள். திறக்கவில்லை. அதற்கடுத்த தடவை திறந்தது. அஸ்வதிக்கு அது பதியவே இல்லை. ஏன் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்று பெபிஷா இருவர் விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி இல்லட்டீ."

ஞானம் மாமி. டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். "நுனிய வச்சு அமுக்கினா எப்பிடி? கட்டையப் புடிக்கும்போ சுண்டுவிரலு உள்ள மடங்கித்தான் இருக்கும். ஆனா நுனி மட்டும் வெளிய வந்து எண்ணெயில முட்டும். நுனிக்குக் கீழ சாச்சு வையி. அங்கதான் தோலு மிச்சம் உண்டு." தன் சுண்டுவிரலைச் சாய்த்துத் திரையில் வைத்தாள். பதிந்தது. பூட்டச் சொன்னாள். திறந்தாள். இரண்டாம் தடவையும் திறந்தது. மூன்றாம் தடவையும்.

பெபிஷா எட்சனைப் பார்த்தாள். அவன் கேமராவைத் தாழ்த்தியிருந்தான். மாமி வேண்டாம் என்றிருந்தாளே.

"என்னல, எடுக்கலியா?" என்றாள் ஞானம் மாமி.

"நீங்க வேண்டாம்னு சொன்னிய."

மாமி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுத்து, விரிசல் விழுந்து, சாம்பல் அப்பிய கை. "இந்தக் கையிலதான் நாலு பெத்து வளத்தேன். ரேஷ்மிக்கு நர்சு படிப்பும் இதுலதான். நாகர்கோவில்காரனுக்கு இது வேண்டாம்னா அவனும் வேண்டாம்." கையைக் கேமராவுக்கு நீட்டினாள். "எடு. கைய மட்டும் எடுத்தா ஏதோ களவாணிக்க கை மாதிரி இருக்கும். மொகத்தையும் சேத்து எடு."

தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். சாம்பல் நெற்றியில் ஒட்டியது. எட்சன் எடுத்தான். அதன் பிறகு மற்றவர்களும் முகத்தைக் காட்டினார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆபீஸ் சங்கு ஊதும்வரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாளும் பெபிஷா அதே நேரத்துக்கு அங்கே போனாள். வேலை செய்த கையில் பதிந்த விரல் மறுநாள் வேலைக் கைக்குத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பாதிப் பேருக்கு மேல் திறந்தது. மீதிப் பேருக்கு எந்த விரலிலும் இல்லை. இரண்டையும் எடுத்தாள்.

வீடியோ வியாழக்கிழமை வெளியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் தொடங்கினாள். நல்ல சேலை, பூ, திறக்கிற போன். "இத நான் முழுப்பருப்புன்னு சொல்லி வச்சிருந்தேன். மறுபக்கம் பாக்காமச் சொல்லிட்டேன். இனி பாருங்க" என்றாள். பிறகு டீக்கடை பெஞ்சு. எந்தக் கைக்குத் திறந்தது, எதற்குத் திறக்கவில்லை, ஒன்றையும் வெட்டவில்லை. கேமரா நல்லது, அம்மா அம்மாவின் நிறத்திலேயே இருக்கிறாள். பேட்டரி ஒரு நாளும் அடுத்த நாள் மதியம்வரையும் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டில் பேச்சு தெளிவு. ஆனால் எந்தக் கையும் திறக்கும் என்று அட்டையில் போட்டது சரியில்லை. தரம், பிளவு. அண்டி ஆபீஸில் இருக்கிறவர்கள் வாங்கினால் வலது சுண்டுவிரலை, நுனிக்குக் கீழே சாய்த்து, வேலை முடிந்த உடனே, கை கழுவாமல் பதிய வேண்டும். இதைச் சொல்லிக் காட்டியவர் ஞானம் மாமி என்று பெயரையும் சொன்னாள்.

நாள் கழிந்த வீடியோதான். இருந்தாலும் பார்த்தார்கள். கொல்லம் பக்கத்து அண்டி ஆபீஸ்களிலிருந்து மலையாளத்தில் எழுதினார்கள். கொத்துவேலை செய்கிற ஒருவர், சிமென்ட் கைக்கும் இதே விரல்தான் என்று எழுதியிருந்தார். கௌதம் வீடியோவைப் பார்த்ததாகவும், விரல் பகுதியை மட்டும் தங்கள் பொறியாளர்களுக்கு அனுப்பியதாகவும் ஒரு செய்தி போட்டார். அடுத்த போனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெபிஷா கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஞானம் மாமிக்கு நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. மாமி எழுந்து நின்றுகொண்டுதான் பேசினாளாம். அந்த அம்மாளின் தங்கை திக்கணங்கோட்டில் ஒரு அண்டி ஆபீஸில் இருக்கிறாள். அவள் கேட்கச் சொன்னாளாம்: வலது கை எரிந்து போனால் இடது சுண்டுவிரல் ஆகுமா என்று. "அதப் பெபிஷாகிட்டதான் கேக்கணும்னு சொல்லிட்டேன்" என்றாள் மாமி. கல்யாணப் பேச்சைப் பற்றி இருவரும் அன்று ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. பேச்சு நிற்கவும் இல்லை.

சனிக்கிழமை பெஞ்சு மார்த்தாண்டம் போயிற்று. பெபிஷா முன்பு கவுண்டரில் நின்ற அதே கடை. டீக்கடையில் எந்த விரலும் திறக்காத சிலர் பழைய போனே போதும் என்று கூட வந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். மாமி சொன்னபடி சாய்த்து வைத்ததில் அஸ்வதிக்கும் சுண்டுவிரல் சரிப்பட்டிருந்ததால் அவள் ஸோரின் வாங்கினாள். லீலாபாயும் வாங்கினாள். பெபிஷா ஓரமாக நின்றாள்; வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

ஞானம் மாமியின் முறை வந்தது. புதிதாகச் சேர்ந்த விற்பனையாளன் போனைத் திறந்து, எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, "அம்மா, பெருவிரல இதுல வைங்க, இப்பவே பதிஞ்சு தாறேன்" என்றான்.

மாமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இண்ணைக்கு வேண்டாம்."

"ஏன்மா, ஒரு நிமிசம்தான்."

"கை கழுவிட்டுல்லா வந்திருக்கேன்" என்றாள். "திங்கக்கிழம பெஞ்சுல இருந்துட்டுப் பதியுதேன். நீ பெட்டியக் கெட்டு."

விற்பனையாளன் புரியாமல் சுற்றிலும் பார்த்தான். பெண்கள் யாரும் விளக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒருவர்தான் பெபிஷாவைக் காட்டினார்.

"அந்தப் பிள்ளைகிட்டக் கேளு."